கோட்டைச் சுவரிற் சிதைந்த சாசனங்கள்: காலங் கணித்தலும் விடுபட்ட எழுத்தை நிரப்புதலும்

புளியந்தீவிற் கல்வி பயின்றோர்க்குக் கோட்டை புதுமையன்று. 1628ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் எழுப்பியதும், 1638ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றியதுமாகிய கோட்டையை வாவிக்கரையிலே நாடோறும் கண்டு பழகியவர்கள் நாம். கோட்டை என்றதும் பீரங்கியும் கொத்தளமுமே பலர் நினைவுக்கு வருவன. வரலாறு பயிலும் மாணவனுக்கோ அது வேறொரு வகையாலும் பயன்படுவதாம். படைகாக்க எழுந்த கட்டடங்களில் அவற்றைக் கட்டியோர் தம் பெயரையும் ஆண்டையும் பொறித்துவைத்தல் உலக வழக்கு. அன்றியும், அவசரத்தில் எழுந்த கோட்டைகளில் முன்னிருந்த கோயில்களின் கற்களும் எழுத்தோடு புதைந்து கிடத்தல் உண்டு.

இத்தகைய கற்கள் முழுமையாய்க் கிடைப்பது அரிது. தலைப்பு உடைந்ததும், பாதி வெட்டுண்டதும், காலடி பட்டுத் தேய்ந்ததுமாகவே அவை நம் கைக்கு எட்டுகின்றன. எஞ்சிய சில எழுத்துக்களைக் கொண்டு முழு வாசகத்தை மீட்பது எங்ஙனம்? ஆண்டு காணப்படாத கல்லுக்குக் காலம் வகுப்பது எங்ஙனம்? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வாம். ஆராயுமிடத்து ஒன்றை மாத்திரம் முதலிலேயே மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். கல்லில் உள்ளது எது, நாம் சேர்த்தது எது என்னும் வேறுபாட்டை எந்நிலையிலும் மறத்தலாகாது என்பதே அது.

1. உரோமர் மதில் தரும் பாடம்

படையினர் பொறித்த கட்டடச் சாசனங்கள் மிகுதியாய்க் கிடைத்திருப்பது பழைய உரோமப் பேரரசின் எல்லைப்புறங்களிலாகும். ஆகவே முறையை அங்கே கற்று, பின் நம் நாட்டுக்கு வருதல் எளிது.

பிரித்தானியாவின் வடபால் கடலிலிருந்து கடல்வரை ஒரு நெடுமதில் ஓடுகின்றது. மைலுக்கொரு சிறு காவற்கோட்டை அம்மதிலில் உண்டு. பழைய ஆசிரியர் சிலர் கூற்றை நம்பி, அக்கன்மதிலைக் கட்டியவன் செவெரசு என்னும் பேரரசனே என அறிஞர் பலர் நெடுங்காலம் கருதிவந்தனர். அக்கருத்தை மாற்றியவை கற்களே. 38ஆம் காவற்கோட்டையிலே கிடைத்த சாசனம் நான்கே வரிகளில் மூன்று செய்திகளைத் தருகின்றது: பேரரசன் அத்திரியன் பெயர், வேலையைச் செய்த இரண்டாம் ஒகஸ்தா என்னும் படைப்பிரிவின் பெயர், மாகாண ஆளுநன் பிளத்தோரியசு நேப்போசு என்பான் பெயர். அண்மையிலுள்ள 37ஆம் காவற்கோட்டையிலோ இத்தகைய சாசனத்தின் ஒரு துண்டே அகப்பட்டது. முழுக்கல்லின் வாசகத்தை அதனோடு பொருத்திப் பார்த்த அறிஞர் அத்துண்டையும் நிரப்பினர். இவ்வகைச் சான்றுகளைத் திரட்டி, மதில் அத்திரியனுடையதே என 1840ஆம் ஆண்டில் வாதித்து நிறுவியவர் யோன் கொட்சன் என்னும் அறிஞர்.

அக்கல்லில் ஆண்டு இல்லை. எனினும் அதன் காலம் சில ஆண்டுகளுக்குள் அடங்குகின்றது. யாங்ஙனமெனின், படைவீரர்க்கு வழங்கிய வெண்கலப் பட்டயம் ஒன்று 122ஆம் ஆண்டு யூலை 17ஆம் நாளைக் குறித்து, அந்நாளில் நேப்போசு பிரித்தானியாவின் ஆளுநனாக இருந்தமையைக் காட்டுகின்றது. ஆகவே கல்லிலே பேரரசன் பெயர் பரந்த எல்லையையும், ஆளுநன் பெயர் குறுகிய எல்லையையும் தருகின்றன. பெருங்கோவை முதலிற் கண்டு பின் சிற்றதிகாரியைத் தேடுக என்பது இதனாற் பெறப்படும் விதி.

வேல்சு நாட்டிலுள்ள கார்லியன் என்னும் படைத்தளத்திலே கிடைத்த திராயன் காலத்துச் சலவைக்கல் வேறொரு பாடம் புகட்டுகின்றது. பேரரசன் இரண்டாம் முறை கொன்சல் பதவி வகித்தான் எனக் குறிக்க இரு கோடுகளை முன்னர் வெட்டியிருந்தனர். 100ஆம் ஆண்டில் அவன் மூன்றாம் முறை அப்பதவியேற்றமையால் மூன்றாங் கோடொன்றை இடையிலே நெருக்கிச் சேர்த்தனர். கல் வெட்டிய காலமும், அது நாட்டப்பட்ட காலமும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை என்பது இதனால் விளங்கும்.

2. வாய்பாடும் மெய்க்கீர்த்தியும்

உரோமர் சாசனங்கள் எளிதில் நிரப்பப்படுவது அவற்றின் வாசகம் ஒரு வாய்பாட்டில் அமைந்திருத்தலாலாகும். நம் தமிழ்ச் சாசனங்களுக்கும் அத்தகைய வாய்பாடு உண்டு. மங்கலச்சொல், அரசன் சிறப்பு, அவன் பெயர், ஆட்சியாண்டு, செய்த தருமம், அதற்குத் தீங்கு செய்வோர்க்குச் சாபம் என்னும் வரிசையை நம் முன்னோர் பெரும்பாலும் பிறழாது கைக்கொண்டனர்.

அரசன் சிறப்பைப் பாடும் மெய்க்கீர்த்தியைச் சாசனத்தின் தலைப்பில் நிலையாக அமைக்கும் வழக்கத்தைப் பரப்பியவன் முதலாம் இராசராச சோழன். அவன் மகன் இராசேந்திரனுடைய மெய்க்கீர்த்தி வெற்றிக்கு வெற்றி வளர்ந்துகொண்டே போகின்றது. ஈழ வெற்றி 1017ஆம் ஆண்டையும், கங்கைப் படையெடுப்பு 1023ஆம் ஆண்டையும், கடாரப் படையெடுப்பு 1025ஆம் ஆண்டையும் ஒட்டியவை. ஆதலின் ஆட்சியாண்டு உடைந்துபோன கல்லிலும், எவ்வெற்றி வரை பாடப்பட்டுள்ளது எனப் பார்த்து அண்ணளவாகக் காலம் கூறலாம்.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கங்கை காணப்படுவது கொண்டு இக்கல் 1023க்கு முற்பட்டதன்று எனத் துணியலாம். கடாரம் காணப்படாமை கொண்டு இது 1025க்கு முற்பட்டது எனத் துணிதல் எப்பொழுதும் பொருந்தாது. மெய்க்கீர்த்தியின் இறுதிப்பகுதி கல்லில் நின்றிருந்தாலன்றிக் கடாரம் சொல்லப்படவில்லை என்பது எங்ஙனம் தெரியும்? அப்பெயர் இருந்த பாகமே உடைந்திருக்கலாமன்றோ? உள்ளது சான்றாகும், இல்லாதது, இருந்திருக்கவேண்டிய இடம் நமக்குத் தெரிந்தபோதே சான்றாகும்.

3. இடத்தை அளத்தலும் எழுத்தை அறிதலும்

விடுபட்ட எழுத்துக்களை நிரப்பப் புகுவோன் முதலில் எடுக்கவேண்டிய கருவி அளவுகோல். ஓர் உதாரணம் காண்பாம். ஒரு கல்லின் முழுவரி 24 அங்குல நீளத்தில் 16 எழுத்துக்களைக் கொண்டுள்ளது எனக் கொள்வோம். எழுத்தொன்றுக்கு ஒன்றரை அங்குலமாகின்றது. அடுத்த வரியில் 9 அங்குலம் உடைந்துபோயிற்று. அவ்விடத்தில் அடங்கக்கூடியவை ஏறக்குறைய 6 எழுத்துக்களே. அங்கே 12 எழுத்துள்ள அழகிய தொடரொன்றைப் புகுத்துவோன் கல்லைப் படிப்பவனல்லன், கல்லுக்குக் கற்பிப்பவனாவான். வாசகம் செய்யுளாயின் சீரும் தளையும் எதுகையும் இன்னுமொரு அளவுகோலாய் உதவும்.

அடுத்தது எழுத்தறிவு. பழைய தமிழ்ச் சாசனங்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ரகரமும் காலும் ஒரே வடிவின. ஆகவே கல்லிலே 'கொன' எனக் காண்பதைக் 'கொன்' என்றும், 'கோன்' என்றும், 'கோன' என்றும் படித்தல் கூடும். 'கெர' எனத் தொடங்குவதாகவும் அது தோற்றலாம். இவற்றுள் ஏற்றது எதுவென்பதை முன்னும் பின்னும் நிற்குஞ் சொற்களே முடிவுசெய்யும். அச்சொற்கள் உடைந்திருப்பின் முடிவு கூறாது விடுதலே நேர்மையாம்.

எழுத்தின் வடிவு காலத்துக்குக் காலம் மாறுவதால் அது காலங் கணிக்கவும் உதவும். ஆயினும் அவ்வுதவி நூற்றாண்டளவினது, ஆண்டளவினதன்று. ஒரே நாளில் ஊர்ச் சிற்பி ஒருவன் பழைய வடிவிலும், அரண்மனைச் சிற்பி ஒருவன் புதிய வடிவிலும் வெட்டியிருத்தல் இயல்பே.

நிரப்பிய பகுதியைக் காட்டுதற்கு அறிஞர் ஒரு குறியீட்டு முறையை வகுத்துள்ளனர். 1931ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு இலெயிடன் நகரிலே வகுக்கப்பட்டது அம்முறை. அழிந்துபோய் நாம் நிரப்புவன சதுர அடைப்புக்குள்ளும், ஐயத்துக்குரியன கீழே புள்ளியிட்டும் எழுதப்படும். அடைப்பு சிறிய குறியேயாயினும், பதிப்பாசிரியன் நேர்மை முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கின்றது.

4. ஆண்டில்லாத கல்லும், ஆண்டு மாத்திரம் உள்ள கல்லும்

இனி நம் நாட்டுச் சாசனங்கள் சிலவற்றை நோக்குவாம். படையினர் ஒரு கட்டடத்தைத் தம் பொறுப்பில் ஏற்றமைக்குச் சிறந்த தமிழ்ச் சான்று பொலன்னறுவையிலுள்ள வேளைக்காரர் சாசனமாகும். தலதாப் பெருமானுக்கு எடுத்த பள்ளியை வேளைக்காரப் படையினர் தம் பெயரிட்டுக் காக்க உடன்பட்டதை அது கூறுகின்றது. வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர் எனப் படைப்பகுப்புக்களும் அதிற் சொல்லப்படுகின்றன. உரோமப் படைப்பிரிவின் பெயர் மதிலில் நின்றதுபோல, தமிழறிந்த படையினர் பெயர் பௌத்தப் பள்ளியொன்றன் பக்கத்தில் நிற்கின்றது.

அச்சாசனத்திற்குத் தன் ஆண்டு இல்லை. ஆனால் விசயபாகு மன்னன் 55 ஆண்டு ஆண்டதையும், 73 ஆண்டு வாழ்ந்ததையும் அது குறிக்கின்றது. ஒருவன் வாழ்நாளையும் ஆட்சிக்காலத்தையும் நிறைவாய் எண்ணிக் கூறுதல் அவன் மறைந்த பின்னரே இயலும். முதலாம் விசயபாகுவின் ஆட்சி 1055 முதல் 1110 வரை எனக் கொள்ளப்படுவதால், சாசனம் 1110ஐ அடுத்தது என்பது தெளிவு. பள்ளி எழுந்தது அரசன் கட்டளையால் அவன் வாழ்ந்த காலத்து. எழுத்து வெட்டப்பட்டது அவன் மறைந்த பின். கட்டடத்தின் காலம் வேறு, சாசனத்தின் காலம் வேறு என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆட்சியாண்டு இருந்தும் அரசன் யாரென ஐயுறவேண்டிய கற்களும் உள. சிங்கள மன்னர் சிறீசங்கபோதி, அபயசலாமேகவர்ணன் என்னும் இரு பட்டப்பெயர்களை மாறிமாறிச் சூடினர். விசயபாகு என்னும் பெயரும் பலர்க்கு உண்டு. கந்தளாயை அடுத்த பாலமோட்டைச் சாசனம் சங்கபோதி விசயபாகுவின் 42ஆம் ஆண்டைக் குறிக்கின்றது. அப்பெயருடைய மன்னருள் அத்துணைக் காலம் ஆண்டவன் முதலாமவன் ஒருவனே. ஆதலின் எண்ணே அரசனைக் காட்டிவிட்டது. நம் தென்பாலுள்ள திருக்கோவிற் சாசனமும் சங்கபோதி விசயபாகுவையே குறிக்கின்றது. ஆயின் அதில் உள்ள ஆண்டு 10. பத்தாண்டு ஆண்டோர் பலராதலின் இங்கே எண் உதவவில்லை. எழுத்தின் வடிவும் மொழிநடையும் மிகப் பிற்பட்டிருத்தலின், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கோட்டே இராச்சியத்தை ஆண்டு 1521இற் கொலையுண்ட விசயபாகுவினது அது என ஆய்வாளர் கொள்வர். பட்டமும் பெயரும் ஒன்றாயிருந்தும் இரு கற்களுக்கிடையே நான்கு நூற்றாண்டு நிற்கின்றது! பெயரை மாத்திரம் பார்த்துத் துணிவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

திருகோணமலைக் கோட்டை எல்லைக்குட் கண்டெடுக்கப்பட்ட, சிதைந்த வடமொழிச் சாசனம் மூன்றாவது வகை. கிரந்த எழுத்திலமைந்த அது சோடகங்கன் என்பான் வந்ததையும், கோகர்ணத்தின் பெயரையும் சொல்லி, பிற விவரங்களை இழந்து நிற்கின்றது. எபிகிராபியா செய்லனிக்கா ஐந்தாந் தொகுதியிலே பரணவிதானர் இதனைப் பதிப்பித்தார். இதில் ஆண்டு எண்ணால் எழுதப்படவில்லை; 'ஶம்பு புஷ்ப' என்னும் சொற்களால் உணர்த்தப்படுகின்றது. கடபயாதி என்னும் முறைப்படி ஒவ்வொரு மெய்க்கும் ஓரெண் உண்டு. ஶகரத்துக்கு 5, பவர்க்கத்து நாலாம் எழுத்துக்கு 4, பகரத்துக்கு 1, கூட்டெழுத்தில் இறுதி மெய்யே கணக்கிலெடுக்கப்படுமாதலின் ஷ்ப என்பதற்கும் 1. ஆக 5, 4, 1, 1. இதனை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டுமாதலின் சகவருடம் 1145 ஆகின்றது. 78ஐக் கூட்ட, கி.பி. 1223 பெறப்படும்.

இம்முறையில் ஒரு நயம் உண்டு. முதலெழுத்து ஒன்றின் தானத்தையும், இறுதியெழுத்து ஆயிரத்தின் தானத்தையும் குறிப்பன. இறுதியெழுத்து உடைந்தாலும், கிரந்த எழுத்தின் வடிவைப் பார்ப்பவன் ஆயிரத்தைத் தானே நிரப்பிவிடுவான். முதலெழுத்து உடைந்தாலும் பத்தாண்டுக்குட் பிழை அடங்கிவிடும். இடையிலுள்ள நூற்றின் தானம் உடைந்தாலோ எழுத்து வடிவம் மாத்திரமே துணை. உடைவு எங்கே நேர்ந்தது என்பது எவ்வளவு உடைந்தது என்பதினும் முக்கியமாதலை இதனாற் காண்க.

5. திருகோணமலைக் கோட்டை வாயிற் கல்

இதுவரை கண்ட விதிகளெல்லாம் ஒருங்கு சோதிக்கப்படும் இடம் திருகோணமலைக் கோட்டை வாயில். 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையுங் கொண்டு அங்கே கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். வாயிலின் நிலைக்கல்லிலே இணைக்கயல் உருவமும், சிதைந்த தமிழ்ச் செய்யுளொன்றும் காணப்படுகின்றன. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னாளிற் பறங்கியர் குலைப்பர் என வருவதுரைக்கும் பாங்கிலமைந்தது அச்செய்யுள். மக்கள் வாய்மொழியிலும் அது வழங்கிவருகின்றது. 1927ஆம் ஆண்டளவில் கொட்றிங்ரன் அரச ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் இக்கல்லை ஆராய்ந்து எழுதினார்.

இக்கல்லுக்குக் காலம் என்ன? முதலாவது, கல் நிற்கும் இடத்தைக் கொண்டு காலம் கூறல் இயலாது. அது வேறிடத்திலிருந்து பெயர்த்து வந்து வைக்கப்பட்டது. கோட்டை எழுந்த காலம், கல் அங்கே வந்த காலத்துக்கே எல்லை. எழுத்து வெட்டிய காலத்துக்கன்று.

இரண்டாவது, கயலும் எழுத்தும் ஒரே கல்லில் இருப்பதனால் ஒரே காலத்தனவாகா. இணைக்கயல் பாண்டியர் இலச்சினை. சடாவர்மன் வீரபாண்டியனுடைய குடுமியான்மலைச் சாசனம் கோணமலையில் அவன் கயலைப் பொறித்த செய்தியைக் கூறுகின்றது. அது 1263ஐ ஒட்டிய காலத்தது. கயல் அக்காலத்ததாயின் செய்யுள் அதற்கு நெடுங்காலம் பிற்பட்டது. எழுத்து வடிவைக் கொண்டு அறிஞர் செய்யுளை 16ஆம் நூற்றாண்டளவில் வைப்பர்.

மூன்றாவது, இதுவே மிக நுட்பமானது. கல்லில் இப்போது எஞ்சியிருப்பன முறிந்த சொற்களே. மற்றவற்றை வாய்மொழிச் செய்யுளைக் கொண்டு நிரப்புகின்றோம். உரோம மதிலின் துண்டை முழுக்கல்லால் நிரப்பியதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே நிரப்ப உதவியது அதே காலத்து அதே படையினர் வெட்டிய மற்றொரு கல். இங்கே உதவுவது, பாடவேறுபாடுகளோடு வழங்கிவந்த மக்கள் நினைவு. எஞ்சிய எழுத்துக்கள் அந்நினைவோடு இயைதலின் நிரப்புதல் தக்கதே, அதனை மறுப்பாரில்லை. ஆனால், 'பறங்கி என்ற சொல் வருதலின் இது 1505க்குப் பிற்பட்டது' என்பவர், அச்சொல்லில் எவ்வளவு கல்லினது, எவ்வளவு தம்முடையது என முதலிற் கேட்டுக்கொள்ளல் வேண்டும். நாமே அடைப்புக்குள் இட்ட எழுத்தை நாமே சான்றாக எடுத்தல், தன் கையொப்பத்தைத் தானே சாட்சிக்கழைத்தல் போலாம். எழுத்தின் வடிவு தனித்து நின்று அதே காலத்தைக் காட்டுவதனாலேதான் அம்முடிவு நிலைபெறுகின்றது.

குளக்கோட்டன் காலமும் இவ்வாறே கவனத்தோடு நோக்கற்பாலது. கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் அவன் திருப்பணியைக் கலியாண்டு 512இல் வைக்கின்றது. ஆய்வாளர் சிலர், 1223இற் கோகர்ணம் வந்த சோடகங்கனே குளக்கோட்டன் எனக் கருதுவர். இரண்டுக்குமிடையே முப்பத்தெட்டு நூற்றாண்டுகள் கிடக்கின்றன. முன்னையது மரபின் வாக்கு. பின்னையது கல்லின் ஆண்டோடு பொருந்தும் ஊகம். கல்லில் சோடகங்கன் என்ற பெயர் உண்டு. குளக்கோட்டன் என்ற பெயர் இல்லை. எனவே ஊகம் ஊகமாகவே நிற்றல் வேண்டும். தொன்மை பெருமையே, ஆயினும் ஆதாரத்தோடு கூறும் எண்ணூறு ஆண்டு, ஆதாரமின்றிக் கூறும் நாலாயிரத்தைவிட நமக்கு வலிமை தரும். பிறர் வந்து அசைத்துப் பார்க்கும்போது அசையாதிருப்பது அதுவே.

6. நாம் செய்யக்கூடியவை

கல் தானே தேய்கின்றது. நம் கையும் அதனைத் தேய்க்கின்றது. கோயிற் றிருப்பணிக்காலத்திற் சுண்ணாம்பும் சீமெந்தும் பூசுதலாலும், தூணை மெருகிடுதலாலும், பழங்கல்லைப் படிக்கல்லாகப் பதித்தலாலும் எழுத்துக்கள் அழிகின்றன. போர்த்துக்கேயர் செய்ததை நொந்துகொள்ளும் நாம், பக்தியின் பெயரால் அதனையே செய்தல் தகாது.

மாணவர்க்குச் சில விதிகள் கூறுவாம். எழுத்துள்ள கல்லைக் கண்டால் அதனைப் பெயர்க்காதீர். நிற்கும் இடத்தையும் திசையையும் குறித்துக்கொள்வீர். எழுத்தின்மேற் சுண்ணக்கட்டியோ நிறமையோ தடவாதீர். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது, கைத்தொலைபேசியாலேனும் பல பக்கமிருந்து படமெடுப்பீர். நடுப்பகலில் மறையும் கீறல்கள் சாய்ந்த ஒளியிற் புலப்படும். படத்தில் ஓர் அளவுகோலையும் வைப்பீர். ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுத்தல் பயிற்சியுடையார் செயல். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தொல்பொருள்களைக் காப்பது. ஆதலின் தொல்பொருட்டிணைக்களத்துக்கு அறிவித்து அவர் அனுமதியோடே அதனைச் செய்வித்தல் வேண்டும். கண்டதைக் கண்டவாறே எழுதி, கருதியதை அடைப்புக்குள் இடுவீர்.

பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். நாடெங்கும் பரந்து உத்தியோகம் புரியும் நீவிர், கோயில் அறங்காவலராகவும் கட்டட வேலை நடத்துவோராகவும் விளங்குகின்றீர். அடித்தளம் தோண்டும்போது எழுத்துள்ள கல்லொன்று வெளிப்படின், வேலையை ஒருநாள் நிறுத்திப் படமெடுத்து உரியோர்க்கு அறிவிக்கும் அதிகாரம் உங்கள் கையில் உண்டு. அவ்வொருநாட் பொறுமை ஒரு நூற்றாண்டு வரலாற்றை மீட்டுத்தரலாம்.

கல்லூரி தன் விழாவைக் கொண்டாடும் இவ்வேளையில், அதன் மாணவர் கற்களின் மொழியைக் கற்று, உள்ளதை உள்ளவாறே உரைக்கும் திறம் பெற்று விளங்குவாராக.